முதல் .22 பிஸ்டல் வாங்கப் போகிறேன், 400 டாலருக்குள் எதை எடுக்கலாம்?

வைகைக்கரை:
வணக்கம். டாலஸ் பக்கம் இர்விங்கில் குடியிருக்கிறேன். போன மாதம்தான் கிரீன் கார்டு கைக்கு வந்தது, அதனால் இத்தனை வருஷமாகத் தள்ளிப் போட்ட ஒரு ஆசையை இப்போது கையில் எடுத்திருக்கிறேன். மதுரையில் கல்லூரி படித்தபோது என்சிசி முகாமில் .22 ரைஃபிளை, அதாவது 0.22 அங்குலக் குண்டு சுடுகிற ரைஃபிளைக் கொடுத்து ஐந்து ரவுண்டு சுடச் சொன்னார்கள். குப்புறப் படுத்திருக்கிறேன், முழங்கைக்குக் கீழே சரளைக்கல் குத்துகிறது, பக்கத்தில் ஹவில்தார் உட்கார்ந்து "மூச்சைப் பிடி, விசையை இழுக்காதே, மெல்ல அழுத்து" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தில் நாலு ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது. இருபது வருஷம் ஆகியும் அந்தக் காலை எனக்கு மறக்கவில்லை.

இப்போது பிஸ்டலில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். காகித இலக்கு மட்டும்தான், தற்காப்புக்கோ இடுப்பில் வைத்துக்கொண்டு போவதற்கோ இல்லை. மாதம் இரண்டு முறை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போக முடியும். ஒரு கடையில் கேட்டபோது உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டி 9 எம்எம் பிஸ்டல் ஒன்றை எடுத்து வைத்து, புதிதாக ஆரம்பிப்பவருக்கு இதுதான் சரி என்றார்கள். இலக்குப் பயிற்சிக்கு என்று இரண்டு முறை சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தேடிப் பார்த்ததில் ரூகர் மார்க் 4, ப்ரௌனிங் பக் மார்க், ஸ்மித் அண்ட் வெசன் விக்டரி, டாரஸ் டிஎக்ஸ்22 என்று நாலு பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. பட்ஜெட் 400 டாலர். வீட்டில் 9 வயதில் மகள், 5 வயதில் மகன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
400 என்பது பிஸ்டலுக்கு மட்டுமா, எல்லாம் சேர்த்தா? முதலில் இதை முடிவு செய்யுங்கள். நம் ஊரில் விற்பனை வரி 8.25 சதவீதம். காதுக்கு மஃப், கண்ணாடி, பூட்டு வைத்த பெட்டி, துடைக்கும் சாமான், ரேஞ்ச் கட்டணம், தோட்டா, எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். 400க்கு பிஸ்டலை வாங்கி வைத்துவிட்டு இரண்டு மாதம் ரேஞ்சுக்குப் போகாமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் .22 என்று தேர்ந்தெடுத்தது மிகச் சரி. நான் வாங்குகிற விலையைச் சொல்கிறேன்: .22 தோட்டா ஒன்று சுமார் 8 சென்ட், 9 எம்எம் ஒன்று சுமார் 25 சென்ட். ஒரு முறைக்கு 100 ரவுண்டு, மாதம் இரண்டு முறை என்றால் வருஷத்துக்கு 2400 ரவுண்டு. .22க்கு 192 டாலர், 9 எம்எம்முக்கு 600 டாலர். வித்தியாசம் 408. உங்கள் பட்ஜெட் முழுவதும் அந்த வித்தியாசத்திலேயே வந்துவிடுகிறது.

வைகைக்கரை:
நன்றி. பிஸ்டலுக்கு மட்டும் 400 வரை. மற்றதற்கு இன்னொரு 150 ஒதுக்க முடியும். அதற்கு மேல் இப்போதைக்கு இல்லை.

பழைய ரேஞ்ச்காரன்:
தம்பி, நான் பன்னிரண்டு வருஷமாக புல்ஸ்ஐ போட்டி சுடுகிறேன், அதாவது ஒரு கையில் பிடித்து 25 கெஜத்திலும் 50 கெஜத்திலும் காகிதத்தைச் சுடுவது. அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும், அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

நீங்கள் சொன்ன நாலில் முதல் மூன்றும் ஒரு சாதி, டிஎக்ஸ்22 வேறு சாதி. மார்க் 4, பக் மார்க், விக்டரி மூன்றிலும் பேரல், அதாவது குண்டு வெளியேறும் குழாய், அசையாமல் நிற்கும். குறிபார்க்கிற முன் சைட், பின் சைட் இரண்டும் அந்த அசையாத உடம்போடு இருக்கும், பின்னால் போல்ட் என்கிற உள் இரும்புத் துண்டு மட்டும்தான் போய் வரும். டிஎக்ஸ்22, ரூகர் எஸ்ஆர்22, கிளாக் 44 இவற்றில் மேல்மூடியான ஸ்லைடு மொத்தமாகப் பின்னால் ஓடும், சைட்டும் அதன் மேலேயே ஓடும். காகிதத்தில் சின்னக் குரூப்பிங், அதாவது துளைகள் நெருக்கமாக விழ வேண்டும் என்கிற ஆளுக்கு முதல் சாதிதான். எடையும் ஒரு காரணம். மார்க் 4 டார்கெட்டும் விக்டரியும் கிட்டத்தட்ட ஒரு கிலோ. டிஎக்ஸ்22 அரைக் கிலோதான். கனமான பிஸ்டல் கையில் நிதானமாக நிற்கும், விசையை அழுத்தும்போது விரல் பண்ணுகிற தப்பை கொஞ்சம் மன்னிக்கும்.

மார்க் 4 பற்றி: இந்தக் குடும்பம் 1949இல் தொடங்கியது. வில்லியம் ரூகர் போர் முடிந்த பிறகு கையில் கிடைத்த ஜப்பானிய நம்பு பிஸ்டல்களைப் பார்த்து அந்த அமைப்பைப் படித்தார், அலெக்சாண்டர் ஸ்டர்ம் 50,000 டாலர் முதல் போட்டார், கம்பெனியின் முதல் சரக்கே ஒரு .22 பிஸ்டல்தான். விலை 37 டாலர் 50 சென்ட். குறைந்த விலையில் ஒழுங்காகச் சுடுகிற .22 என்பதுதான் அந்தக் கம்பெனி பிறந்த காரணமே. 1951இல் ஸ்டர்ம் இறந்தபோது பிடியில் இருந்த கழுகுச் சின்னத்தின் சிவப்பைக் கறுப்பாக மாற்றினார்கள். பழைய பிஸ்டல் சேர்ப்பவர்கள் இன்றைக்கும் சிவப்புக் கழுகைத் தேடி அலைகிறார்கள்.

அதில் ஒரே தலைவலி, பிரித்துத் துடைப்பது. மார்க் 3 வரைக்கும் பிரிப்பது சுலபம், திரும்பப் பூட்டுவதற்குள் ஒரு சாயங்காலம் போய்விடும். 2016இல் மார்க் 4 வந்தபோது பின்பக்கம் ஒரு பொத்தானை வைத்தார்கள், அழுத்தினால் மேல்பாகம் மடங்கி வந்துவிடும். ஆரம்பிக்கிறவருக்கு இது பெரிய விஷயம். துடைக்கச் சிரமமாக இருந்தால் துடைக்கவே மாட்டோம்.

உங்கள் விலைக்கு மார்க் 4 டார்கெட் வராது, 22/45 வரும். அதே உள்பாகம், கீழ்ப்பிடி மட்டும் பாலிமர், பிடியின் சாய்வு பழைய அமெரிக்க ராணுவப் பிஸ்டலான 1911 மாதிரி இருக்கும். பக் மார்க்கில் சாதாரண மாடல்களும் விக்டரியும் 400ஐ ஒட்டி வரும்.

ஒன்று மட்டும் கேளுங்கள்: எங்கள் யார் பேச்சையும் வைத்து வாங்காதீர்கள். வாடகைக்குக் கொடுக்கிற ரேஞ்சில் மூன்றையும் எடுத்து ஐம்பது ஐம்பது ரவுண்டு சுடுங்கள். பிறகு வாங்குங்கள்.

ஸ்டீல்தட்டு:
அண்ணா சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடு இல்லை. எல்லோரும் ஒரு கையில் நின்று 50 கெஜம் சுடப் போவதில்லை. டிஎக்ஸ்22ஐ 2019இல் வந்ததிலிருந்து சுடுகிறேன். 250, 280 டாலருக்குக் கிடைக்கும், தோட்டாக்களை அடுக்குகிற மேகசின் ஒன்றில் 16 ரவுண்டு பிடிக்கும், மற்றவற்றில் பத்துதான். மிச்சமாகிற 120 டாலருக்கு 1500 தோட்டா வாங்கலாம். ஆரம்பத்தில் கைக்குத் தேவை எண்ணிக்கைதான். அப்புறம் நாளைக்கு 9 எம்எம் பக்கம் போனால் பிடி, ஸ்லைடு, சைட் எல்லாம் பழகிய மாதிரியே இருக்கும், மார்க் 4இல் பழகியவர் அங்கே புதிதாகத் தொடங்க வேண்டும்.

பழைய ரேஞ்ச்காரன்:
தம்பி, எண்ணிக்கை முக்கியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது காகித இலக்கு. அவர் மனதில் இருப்பது தீப்பெட்டிக் குரூப்பிங். இலேசான பிஸ்டலில் புதிதாகச் சுடுகிறவர் 10 கெஜத்தில் தட்டு அளவுக்குக் குண்டுகளைத் தெளித்தால், தப்பு எங்கே என்று காகிதம் அவருக்குச் சொல்லாது. கனமான, விசை சுத்தமாக உடைகிற, அதாவது இழுபறி இல்லாமல் சட்டென்று விடுபடுகிற பிஸ்டலில் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு செய்தி. 16 ரவுண்டு கையில் இருந்தால் 16ஐயும் வேகமாகத் தள்ளிவிடத் தோன்றும். நான் புதியவர்களுக்கு மேகசினில் ஐந்து மட்டும் போட்டுக் கொடுப்பேன்.

ஸ்டீல்தட்டு:
விசை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, பக் மார்க் விசை பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே நன்றாக இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் இர்விங்கில் இருக்கிறார். அக்கம்பக்கத்தில் ஸ்டீல் சேலஞ்ச் போட்டி நடந்தால் கட்டாயம் ஒரு முறை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிலையத்தில் ஐந்து இரும்புத் தட்டு, ஐந்து தடவை சுட வேண்டும், மோசமான ஒன்றைத் தள்ளிவிட்டு மிச்ச நாலைக் கூட்டுவார்கள். ரிம்ஃபயர் பிரிவில், அதாவது .22 பிரிவில், உறையிலிருந்து உருவ வேண்டாம், பிஸ்டலைத் தாழ்த்திப் பிடித்தபடியே தொடங்கலாம், அதனால் புதியவர்கள் பயமில்லாமல் சேர்கிறார்கள். தட்டில் படும்போது கேட்கிற அந்த "டிங்" இருக்கிறதே, அதற்காகவே அடுத்த மாதமும் போவார்.

புதியவன்_பிளேனோ:
இடையில் ஒரு கேள்வி. நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். நண்பர்கள் ரேஞ்சுக்குப் போகும்போது கூப்பிடுகிறார்கள். வாங்கத்தான் கூடாது, வாடகைக்கு எடுத்துச் சுடலாம் என்கிறார்கள். சரியா?

கணக்குப்பிள்ளை:
சரி இல்லை, தயவுசெய்து போகாதீர்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் நுழைந்தவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். எச்1பி, எச்4, எஃப்1 எல்லாம் இதில் அடங்கும். ரேஞ்சில் பத்து நிமிஷம் கையில் பிடிப்பதும் வைத்திருப்பதாகவே கணக்காகும். சில விலக்குகள் உண்டு, அதில் நம்மவர்களுக்குப் பொருந்துவது ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதை வைத்துக்கொண்டு முறையாகச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் உங்கள் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கை வைக்க வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்துக்காக உங்கள் கிரீன் கார்டு வரிசையையே பணயம் வைக்கக் கூடாது.

வைகைக்கரை, உங்களுக்கு அந்தத் தடை இல்லை. துப்பாக்கி வாங்கும்போது 4473 என்ற ஃபெடரல் படிவத்தை நீங்களே நிரப்ப வேண்டும், அதில் குடியுரிமை இல்லாதவர்கள் கிரீன் கார்டில் உள்ள ஏ நம்பரை எழுத வேண்டும், கார்டைக் கையோடு கொண்டு போங்கள். கடையில் பிஸ்டல் வாங்க 21 வயது முடிந்திருக்க வேண்டும். பின்னணிச் சோதனை சில சமயம் உடனே முடியாமல் மூன்று வேலை நாள் வரை இழுக்கும், பதறாதீர்கள்.

புதியவன்_பிளேனோ:
நல்ல வேளை கேட்டேன். இந்த சனிக்கிழமை போவதாக இருந்தது. மிக்க நன்றி அண்ணா.

எடிசன்வாசி:
நியூ ஜெர்சியிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: இங்கே நேராகக் கடைக்குப் போக முடியாது. ஒவ்வொரு பிஸ்டலுக்கும் தனித்தனி வாங்கும் அனுமதியைப் போலீஸ் மூலம் எடுக்க வேண்டும். மேகசின் 10 ரவுண்டுக்கு மேல் இருக்கக் கூடாது, ஆகவே 16 ரவுண்டு என்கிற லாபமும் இங்கே இல்லை. நான் அனுமதிக்குக் காத்திருந்து காத்திருந்து வாங்கியது விக்டரி. பேரலை ஒரே ஒரு திருகில் கழற்றி மாற்றலாம், பெட்டியிலேயே இரண்டு மேகசின் வந்தது, 10 ரவுண்டைத் துளை மேல் துளையாகப் போடுகிறது. பிடி மட்டும் எனக்குக் கொஞ்சம் தடிமன்.

ஆஸ்டின் மீனா:
யாரும் கையைப் பற்றிப் பேசவில்லையே. எனக்குச் சின்னக் கை. என் கணவர் அவருக்குப் பிடித்ததை வாங்கி வந்தார், என் விரல் விசைக்கு எட்டவே பிடியைத் திருப்பிப் பிடிக்க வேண்டியிருந்தது, ஆறு மாதம் குண்டு இடது பக்கமாகவே விழுந்தது, எனக்கு வராது என்று நினைத்துவிட்டேன். அப்புறம் ரேஞ்சில் ஒரு அம்மா அவருடைய பக் மார்க்கைக் கொடுத்தார். முதல் ஐந்தும் இலக்கின் நடுக் கறுப்புக்குள். என் கையில் தப்பில்லை, அளவில்தான் தப்பு.

எப்படிப் பார்ப்பது என்றால், மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து உள்ளே ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்து, சின்ன விரலை விட்டும் பார்த்துவிட்டு, பிடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் ஆழமாகப் பதிய வையுங்கள். பேரலும் முழங்கை வரைக்கும் எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்த நிலையில் ஆள்காட்டி விரலின் முதல் கணு, நுனியின் நடுப்பகுதி விசையில் தானாக உட்கார்ந்தால் அது உங்கள் பிஸ்டல். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கி, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். முன் சைட் தானாகவே நடுவில் நின்றால் இன்னும் நல்லது. கடையில் இதைச் செய்து பார்க்கக் கேளுங்கள், சுவரைப் பார்த்து, ஆள் இல்லாத பக்கமாக.

இன்னொன்று, பிள்ளைகள் இருப்பதால் சொல்கிறேன். .22 குண்டு பெரும்பாலும் வெறும் ஈயம், பற்றவைக்கிற மருந்திலும் ஈயம் உண்டு. ரேஞ்சிலிருந்து வந்ததும் முதலில் கையையும் முகத்தையும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சட்டையை மாற்றுங்கள், அதற்கப்புறம்தான் பிள்ளையைத் தூக்குவது. நான் ரேஞ்சுக்கு என்று தனிச் செருப்பு வைத்திருக்கிறேன், அது கார் டிக்கியைத் தாண்டி வீட்டுக்குள் வராது. பிஸ்டல் எப்போதும் பூட்டின பெட்டியில், தோட்டா வேறு இடத்தில், சாவி உங்களிடம். 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்குத் தோட்டா போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அலட்சியமாக விட்டு வைப்பது டெக்சஸில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நாம் அப்படித்தானே இருக்க வேண்டும்.

வைகைக்கரை:
மீனா அக்கா, ஈயம் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. பையன் நான் உள்ளே வந்ததும் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வான். தனிச் செருப்பும் மாற்றுச் சட்டையும் இன்றைக்கே காரில் வைத்துவிடுகிறேன்.

இரண்டு கேள்வி. ஒன்று, ரிம்ஃபயர் என்றால் அடிக்கடி சிக்கும், வெடிக்காது என்று படித்தேன், உண்மையா? இரண்டு, வீட்டில் தோட்டா இல்லாமல் விசையை அழுத்திப் பழகலாமா?

பழைய ரேஞ்ச்காரன்:
முதல் கேள்வி. சாதாரணத் தோட்டாவில் பற்றவைக்கிற மருந்து நடுவில் தனி மூடியில் இருக்கும். .22இல் அந்த மருந்து கேஸின், அதாவது தோட்டா உறையின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும், பிஸ்டலின் ஊசி விளிம்பை நசுக்கினால் பற்றும். ரிம்ஃபயர் என்பது இதுதான். எங்காவது ஒரு இடத்தில் மருந்து பரவாமல் விட்டுப்போனால் அந்த இடத்தில் அடித்தாலும் வெடிக்காது. மலிவான மொத்த டப்பாக்களில் இது அதிகம். அப்படி ஆனால் பிஸ்டலை இலக்குப் பக்கமே நீட்டியபடி 30 விநாடி நில்லுங்கள், தாமதமாக வெடிக்கக்கூடும், அப்புறம் வெளியே எடுங்கள். சத்தம் "பொத்" என்று குறைவாக வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு பேரலுக்குள் நின்றிருக்கலாம். இறக்கிவிட்டு, பேரலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி.

சிக்குவதற்கு இன்னொரு காரணம் நம் கைதான். அந்த விளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் மேலே உள்ளது கீழே உள்ளதைப் பிடித்துக்கொண்டு நகராது. மேகசினின் பக்கத்தில் உள்ள பொத்தானைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு தோட்டா இடம் மட்டும் விட்டு இறக்குங்கள், முழுசாக இறக்கிவிட்டுத் தோட்டாக்களைக் கொட்டினால் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக விழும். பத்தும் போட்டபின் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள்.

தோட்டாவில் 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) வாங்குங்கள். சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி விநாடிக்கு 1070 அடி, ஒலி வேகத்துக்குக் கீழே, காகிதத்துக்கு நான் அதைத்தான் சுடுகிறேன். அதே கம்பெனியின் மினி மேக் 1235 அடி, கொஞ்சம் விலை கூட, ஆனால் புது பிஸ்டலில் போல்ட்டை நம்பிக்கையாக ஓட்டும். முதல் 200 ரவுண்டுக்கு அதைப் போட்டு, பிறகு ஸ்டாண்டர்டுக்கு வாருங்கள்.

இரண்டாவது கேள்வி. .22இல் எல்லாப் பிஸ்டலையும் வெறுமனே தட்டக் கூடாது, ஊசி பேரலின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழும். மார்க் 4இல் ஊசியைத் தடுக்க ஒரு முள் இருக்கிறது, அது இருக்கும்வரை தட்டலாம் என்று ரூகரே கையேட்டில் சொல்கிறது. மற்றதற்கு அதனதன் கையேட்டைப் பாருங்கள். எதுவானாலும் நான் செய்வது, சுவரில் திருகு போட விற்கிறார்களே மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கர், 4-6 அளவு, அதை உள்ளே போட்டுவிடுவேன். .22 தோட்டா மாதிரியே உட்காரும். ஒன்றைப் பத்துப் பதினைந்து முறைக்குப் பிறகு தூக்கிப் போட்டுவிடலாம், நூறு ஆங்கர் சில டாலர்தான். முன் சைட் மேல் ஒரு பத்து சென்ட் காசை நிறுத்தி வைத்து விசையை அழுத்துங்கள். காசு விழாமல் விசை உடைந்தால் அது நல்ல அழுத்தம். தினம் பத்து நிமிஷம். அந்த அறையில் ஒரு தோட்டா கூட இருக்கக் கூடாது, இது கட்டாயம்.

பீளமேடு:
நான் கோயம்புத்தூர். இதெல்லாம் படிக்க ஆசையாக இருக்கிறது. இங்கே .22 பிஸ்டல் வாங்க வழி உண்டா?

கணக்குப்பிள்ளை:
.22 என்றால் ஆயுத உரிமம் வேண்டும், நேராக அதில் தொடங்க முடியாது. பக்கத்து ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தொடங்குங்கள். .177 அளவில் 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையில்லை. சத்தம் குறைவு, உதை இல்லை, ஈயம் மட்டும் உண்டு, கை கழுவுங்கள். ஏர் பிஸ்டலில் பழகிய விரல்தான் .22க்கும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது 25 மீட்டர் ரேபிட் ஃபயரில், அது .22 பிஸ்டல் போட்டி. 2024 பாரிசில் மனு பாக்கர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியவர், 25 மீட்டர் .22 பிஸ்டலிலும் நாலாவது வந்தார்.

பெட்டிக்கடை:
400 எதற்கு? ரூகர் ராங்லர் ரிவால்வர் 200 டாலர் சுற்றில் கிடைக்கும். ஆறு ரவுண்டு, ஒவ்வொரு முறையும் சுத்தியலை இழுத்துச் சுட வேண்டும், சிக்கவே சிக்காது. என் மகன் 12 வயதில் அதில்தான் கற்றான். ஒன்று சுடு, யோசி, இன்னொன்று சுடு.

ஸ்டீல்தட்டு:
பிள்ளைகளுக்கு அருமையான தேர்வு. ஆனால் சைட்டைத் திருகி நகர்த்த முடியாது. குண்டு இரண்டு அங்குலம் தள்ளி விழுந்தால் அப்படியே தள்ளிக் குறிபார்க்க வேண்டியதுதான். குரூப்பிங் வேண்டும் என்பவருக்கு அது எரிச்சல் தரும்.

பழைய ரேஞ்ச்காரன்:
பழசு வாங்கவும் யோசியுங்கள். .22 பிஸ்டல் சுலபத்தில் தேயாது. 1982இல் வந்த மார்க் 2 இன்றும் நன்றாகச் சுடும். பழைய மார்க் 4 பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 2017 ஜூன் 1க்கு முன்னால் செய்தவற்றை ரூகர் திரும்ப அழைத்தது. சேஃப்டி என்கிற பாதுகாப்புப் பூட்டு நடுவாந்திரத்தில் நிற்கும்போது விசையை அழுத்திவிட்டு, பிறகு சேஃப்டியை நகர்த்தினால் வெடிக்க வாய்ப்பிருந்தது. சீரியல் நம்பரை ரூகர் தளத்தில் போட்டுப் பார்த்து, சரி செய்ததா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

வைகைக்கரை:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் சொன்னபடியே செய்தேன். முதலில் இரண்டு மணிநேரப் பாதுகாப்பு வகுப்பு. பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாடகைக்கு எடுத்துச் சுட்டேன்: 22/45, விக்டரி, பக் மார்க், டிஎக்ஸ்22. ஒவ்வொன்றிலும் ஐம்பது, 10 கெஜத்தில்.

டிஎக்ஸ்22 கையில் பிடிக்க நன்றாகத்தான் இருந்தது, ஸ்டீல்தட்டு சொன்ன மாதிரி மேகசின் தீரவே மாட்டேன் என்கிறது. ஆனால் காகிதத்தில் என் துளைகள் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவின. விக்டரியில் ஒரு கையகலம் ஆனது. 22/45இல் இன்னும் கொஞ்சம் சுருங்கியது. பக் மார்க்கை எடுத்து மீனா அக்கா சொன்ன மாதிரி கண்ணை மூடித் தூக்கினேன், திறந்தபோது முன் சைட் நடுவில் நின்றது. விசை, எப்படிச் சொல்வது, பனிக்கட்டிக் குச்சி ஒடிகிற மாதிரி, இழுவை எதுவும் இல்லாமல் ஒடிந்தது. ஐந்து சுட்டேன். எலுமிச்சம்பழ அளவு. அடுத்த ஐந்து பெரிதாகிவிட்டது, எல்லாம் கீழே இடது பக்கம்.

ரேஞ்சில் நின்ற பெரியவர் அதைப் பார்த்துவிட்டு என் மேகசினை வாங்கி, தோட்டாக்களுக்கு நடுவே இரண்டு வெற்றுப் பிளாஸ்டிக் தோட்டாவைச் சொருகிக் கொடுத்தார். எது எங்கே என்று எனக்குத் தெரியாது. மூன்றாவது அழுத்தலில் சத்தம் வரவில்லை, ஆனால் முன் சைட் அப்படியே கீழே குனிந்தது. வெடிக்கப் போகிறது என்று கை முன்கூட்டியே தள்ளுகிறது. என் தப்பை என் கண்ணாலேயே பார்த்தேன். அன்றைக்கு மிச்ச நேரம் முழுவதும் அதே பயிற்சிதான்.

கடைசியில் வாங்கியது பழைய பக் மார்க், மூன்று மேகசினோடு 330 டாலர், வரி தனி. படிவம், சோதனை எல்லாம் நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. துடைக்க மேலே உள்ள திருகுகளை அறுகோணச் சாவியால் கழற்ற வேண்டும், பொத்தான் வசதி இல்லை, தெரிந்தே வாங்கினேன்.

முதல் நாள் 200 ரவுண்டு சுட்டதில் ஏழு தடவை சிக்கியது. எல்லாம் ஒரு மலிவு மொத்த டப்பாவிலிருந்து போட்டவை. தோட்டாவை மாற்றிய பிறகு ஒன்றும் இல்லை. இப்போது 10 கெஜத்தில் குரூப்பிங் மூன்று விரல் அகலத்துக்கு வந்துவிட்டது, ஆனால் மொத்தமாக நடுவிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே விழுகிறது. பக்கவாட்டில் சரியாக இருக்கிறது. சைட்டைத் திருப்பவா, என் கையைத் திருத்தவா?

ஆஸ்டின் மீனா:
எலுமிச்சம்பழத்தைப் படித்ததும் எனக்கே சுட்ட மாதிரி இருந்தது! தாளைத் தூக்கிப் போடாதீர்கள், தேதி எழுதி வையுங்கள். என்னிடம் முதல் தாள் இன்னும் இருக்கிறது.

பழைய ரேஞ்ச்காரன்:
தம்பி, மிகவும் சந்தோஷம். திருகில் கை வைக்காதீர்கள், இன்னும் இல்லை. இடது பக்கம் போவது நின்றுவிட்டது, கீழே போவது மிச்சம் என்றால் அது அதே தள்ளலின் வால் பகுதியாக இருக்கலாம். அடுத்த முறை ஒரு மணல் பையோ சுருட்டின துண்டோ மேஜையில் வைத்து, மணிக்கட்டை அதன் மேல் சாய்த்து, உட்கார்ந்து மூன்று முறை ஐந்தைந்து சுடுங்கள். பேரல் எதிலும் படக் கூடாது. அப்போதும் கீழேயே விழுந்தால் சைட்தான் காரணம், பின் சைட்டை உயர்த்துங்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் சைட்டை நகர்த்த வேண்டும், இதை மட்டும் நினைவில் வையுங்கள். சைட் திருகை இரண்டு கிளிக் திருப்பி ஐந்து சுடுங்கள், பார்த்துவிட்டு அடுத்த இரண்டு. பை மேல் நடுவில் விழுந்து, நின்று சுடும்போது கீழே விழுந்தால் சைட்டைத் தொட வேண்டாம், மஞ்சள் ஆங்கரும் பத்து சென்ட் காசும்தான் மருந்து.

வைகைக்கரை:
சரி அண்ணா. சனிக்கிழமை காலை துண்டு எடுத்துக்கொண்டு போகிறேன். நேற்று ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் காசு வைத்துப் பார்த்தேன், பத்தில் ஆறு முறை விழவில்லை. சனிக்கிழமை மூன்று தாளையும் படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.